மடல்

டெஷி கடற்சாலை வளைவில்
டெடேயின் அலுமினியப் பானையில்
ஆவி மட்டும்தான் பழைய அளவில் எழுகிறது.

கென்கே ஒன்று ஐந்து சீடி.
ஜனவரியில் ஐந்து, ஈஸ்டருக்கும் ஐந்து.
"விலையை ஏற்றினேனா, பார்" என்கிறாள்.
பார்க்கிறேன்.
போன வருடம் விரல்களை மீறி வழிந்த
புளித்த சோள உருண்டை
இப்போது கைக்குள் முட்டைபோல் அடங்குகிறது.
குறைந்த இடத்தைச் சோள மடல் நிரப்புகிறது.
மூன்று சுற்று இருந்தது,
இப்போது ஆறு.
உரிக்க உரிக்க விரல் சுடுகிறது,
வாய்க்கு வர நேரமாகிறது.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
மூட்டைக்காரனிடம் அவளும் கேட்டிருக்கமாட்டாள்.

துறைமுக அலுவலகத்தில் எனக்கும் ஒரு மடல் வந்தது.
மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறார்கள்,
சம்பள உயர்வு நூற்றுக்குப் பதினைந்து.
முத்திரை, கையெழுத்து,
அதன் கீழே இன்னொரு கையெழுத்து.
ஓகாய்லே வாசித்து முடித்ததும்
எழுந்துபோய்ச் சமையலறை விளக்கை அணைத்தாள்.
ப்ரீபெய்டு மீட்டர் அந்தப் பதினைந்தை
எப்போதோ தின்று
ஏப்பமும் விட்டிருந்தது.

அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே
இருவரும் உரிக்க உட்கார்ந்தோம்.
வாடகை ஒரு சுற்று,
இரண்டு வருட முன்பணம் கேட்கிறார் வீட்டுக்காரர்.
ட்ரோட்ரோ ஒரு சுற்று.
பள்ளியில் புதிதாகக் காகிதக் கட்டணமாம், அது ஒன்று.
அவள் அண்ணனின் ரத்த அழுத்த மாத்திரை...
அதை உரிக்காமல் ஓரமாகத் தள்ளிவைத்தோம்.
கடைசியில் மிஞ்சியதை
"பிடி" என்று நீட்டினாள், சிரித்துக்கொண்டு.
வெறும் உள்ளங்கை.
நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

வாரம் மூன்று நாள் மீன் என்றிருந்தது.
இப்போது ஒரு நாள், அதுவும் தலை மட்டும்.
மிளகாய் விழுது எல்லா நாளும்.
எங்கள் வீட்டில் காரத்துக்குப் பஞ்சமில்லை.

விலைவாசி தணிகிறது என்றது வானொலி.
"இறங்குகிறது என்றா சொன்னான்?
படியேறுகிறவன் நின்று மூச்சு வாங்குகிறான்,
அவ்வளவுதான்" என்றாள் ஓகாய்லே,
எச்சில் தட்டைத் தேய்த்தபடி.

மடல்களைச் சந்தில் எறிகிறோம்.
எல்லா வீட்டு மடலும் லாந்தேயின் ஆட்டுக்குத்தான்.
விலா எண்ணும்படி நின்ற ஆடு
வேலி இடுக்கில் நுழைய முடியாமல் திரும்புகிறது.
இந்தத் தெருவில்
வாழ்க்கைத்தரம் உயர்ந்த ஒரே ஜீவன்.

நேற்று அலுவலக மடலையும் அதற்கே போட்டேன்.
முகர்ந்தது,
என்னை ஒரு பார்வை பார்த்தது,
டெடேயின் பானைப் பக்கம் போய்விட்டது.