மூன்று-இரண்டு

மூன்றாவது நோட்டீஸ்.
ஆயிரத்து முந்நூற்று இருபது வெள்ளி
பராமரிப்புப் பாக்கி, வட்டி தனி.
பதினான்கு நாளில் கட்டாவிட்டால் டிரிபியூனல் என்று
மலாயில் எழுதி அடியில் முத்திரை.

கேட் கார்டு அன்றைக்கே செத்துப்போனது.
கையுறை ஃபேக்டரியில் இரவு வேலை முடிந்து
செம்பனை லாரிகள் போகும் சாலையோரம்
மோட்டாரை நிறுத்திவிட்டு
தடுப்புக் கம்பிக்குக் கீழே குனிந்து நுழைந்தேன்,
என் வீட்டுக்கே திருடனாக.

கட்டியிருக்கிறேன் ஐயா.
மாதம் நாற்பது, முப்பத்து மூன்று மாதம்.
மைலோ டின்னில் இருக்கின்றன ரசீதுகள்,
கார்பன் நீலம் வெளுத்து,
ரப்பர் வளையம் இறுகி ஒட்டிக்கொண்டு.

ஞாயிறு காலை பூப்பந்துக் கோர்ட்டில் கூட்டம்.
"கீழ்வீட்டுக்காரன் நான், லிஃப்டுக்கு ஏன் காசு?"
என்றார் அமிர்தகடேசன்.
"எட்டு மாசமா மேல இருக்கிறவங்களுக்கும்தான் லிஃப்ட் இல்ல"
என்றது ஒரு குரல். சிரித்தோம்.
திருமதி லியோங் மட்டும் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

பொருளாளர் என்சிக் ரொஸ்லான்
ரசீதையும் பேரேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.
விரல் ஓரிடத்தில் நின்றது.
என் வீடு மூன்று-இரண்டு.
போன வருடம் நின்றுவிட்ட கிராணி எழுதியது
இரண்டு-மூன்று.
முப்பத்து மூன்று மாதமும்
ஒரு மாடி கீழே இறங்கிப் போயிருக்கிறது என் காசு.

சிவப்புப் பேனாவில் ஒரு கோடு.
என் பக்கம் சுழியம்.

கடைசி வரிசையில் புஷ்பவேணி,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துச் சீருடையோடு,
மடியில் தூங்கும் பையனோடு.
ஒருநாளும் கட்டாதவள்.
ஒருநாளும் நோட்டீஸ் வராதவள்.
தெரியுமா என்று நான் கேட்கவில்லை.
அவள் பையனின் காலணியைக் கழற்றினாள்,
மறுபடி மாட்டினாள்.

"தவணை கேளு," என்றேன்.
அதற்குள் ரொஸ்லானே சொன்னார்:
வட்டியைத் தள்ளலாம், கூட்டம் சம்மதித்தால்;
மாதம் அறுபதாகக் கட்டட்டும்.
கைகள் உயர்ந்தன.
என்னுடையது
கொஞ்ச நேரம் மடியிலேயே கிடந்தது.
ஆயிரத்து முந்நூற்று இருபது வெள்ளி கனம் அதற்கு.
பிறகு உயர்ந்தது.

மறுநாள் கார்டு கீச்சென்றது, கம்பி எழுந்தது.
லிஃப்ட் இன்னும் இல்லை.
படியேறும்போது இரண்டாம் மாடியில்
மீன் பொரிக்கும் வாசனை; நான் நிற்பதில்லை.

இப்போதெல்லாம் ரசீதில்
எழுத்தால் எழுதச் சொல்கிறேன்:
மூன்றாம் மாடி, இரண்டாம் வீடு.
அவளும் அப்படித்தான் எழுதச் சொல்கிறாளாம்.