மறுநாள் குழம்பு

அம்மாபேட்டையில் டவுன் பஸ் நின்றபோது
ஜன்னலுக்கு நேரே, மின்கம்பத்தில்,
கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியாக இருந்தார்
நாகரத்தினம் அம்மாள்.
மூக்குக் கண்ணாடியில்லாத பழைய படம்.
கண்ணாடியைக் கழற்றினால்
அவருக்கே அவரைத் தெரியாது.

கீழே மகன், மகள்கள், பேரப்பிள்ளைகள்.
மருமகள் என்ற இடத்தில் வேறு பெயர்.
என் மகள் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
அதற்குள் பஸ் எடுத்துவிட்டார்கள்.

பிரிந்தபோது
பீரோ ஒன்று, குத்துவிளக்கு இரண்டு,
கைக்கடிகாரம் உட்பட
திருப்பித் தந்ததையெல்லாம் எழுதி
கையெழுத்து வாங்கினார்கள்.
மிளகாய் எட்டுக்கு மல்லி மூன்று கை,
மிளகு சும்மா பேருக்கு
என்ற கணக்கை மட்டும்
யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

முன்னாள் மந்திரி என்கிறோம்,
முன்னாள் மாணவர் என்கிறோம்.
முன்னாள் மாமியார் என்று சொல்லிப் பார்த்தேன்.
அவர் கேட்டிருந்தால்
'முன்னால என்ன பின்னால என்ன,
உள்ள வந்து உக்காரு' என்றிருப்பார்.

இன்று பதினாறு.
அங்கே காரியம் நடக்கும், பந்தி நடக்கும்.
நான் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்
கால் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கினேன்.
கிளிமூக்கு வேண்டாம், நாட்டு மாங்காய் கொடு என்று
அவர் குரலிலேயே அதட்டினேன்.
காய்காரர் பயந்து இரண்டு கூடப் போட்டார்.

தலை கிள்ளி மூன்று தண்ணி.
நாலாவது தண்ணி ஊத்தினா
அப்புறம் அது பஞ்சு, என்பார்.
வெங்காயத்தை நறுக்கக் கூடாது, நசுக்கணும்.
எண்ணெய் பிரியும்வரை
பக்கத்து வீட்டுக் கதை பேசலாம்,
சொந்த வீட்டுக் கதை பேசினால் தீய்ந்துவிடும்.

நான் கிளம்பிய அன்று
அவர் தடுக்கவில்லை.
மகனுக்காகவும் பேசவில்லை, எனக்காகவும் பேசவில்லை.
ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய குழம்புப் பொடியை
என் பைக்குள், குழந்தையின் ஸ்வெட்டருக்கு நடுவே திணித்து
'தீந்ததும் ஃபோன் பண்ணு' என்றார்.

இரண்டாம் மாதமே தீர்ந்தது.
நாலு வருடம்.

நான் இருப்பது அஸ்தம்பட்டியில், மாடி போர்ஷன்.
வாடகை ஒப்பந்தத்தில் மூன்றாவது நிபந்தனை:
அசைவம் கூடாது.
முட்டைக்கே பால்கனிக் கதவைச் சாத்துகிறவள்
இன்று எல்லா ஜன்னலையும் அடைத்து,
கதவடியில் ஈரத்துண்டு செருகி,
ஊதுபத்தி நாலு கொளுத்தினேன்.
மல்லிகை வாசனையில் கருவாடு
இன்னும் பயங்கரமாக இருந்தது.

கொதி வந்தபோது கதவைத் தட்டினார்
வீட்டுக்காரர் பட்டாபிராமன்.
மேல்துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தார்.
மன்னிப்பு கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.
'எங்க மாமியார் தவறிட்டாங்க' என்று வந்தது.

அந்தச் சொல் வாசலில் நின்றது,
அதை உள்ளே கூப்பிடுவதா
வெளியே அனுப்புவதா தெரியாமல்.

'என்னிக்கு?' என்றார்.
பதினாறு நாள் ஆச்சு என்றேன்.
படியைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
பொத்திய துண்டை எடுக்கவுமில்லை.
'ஜன்னலைத் திறந்து வைம்மா,
மூச்சு முட்டப்போகுது'
என்று இறங்கிப் போனார்.

திறந்தேன்.
ஏற்காட்டு மலை இருட்டில் இருந்தது,
வளைவுகளில் மட்டும்
ஏறுகிற லாரிகளின் வெளிச்சம்.
வாசனை அந்தப் பக்கம் போனதா,
அம்மாபேட்டைப் பக்கமா,
நான் பார்க்கவில்லை.

மகள் இரண்டு வாய் சாப்பிட்டாள்.
மாங்காய்க் கொட்டையைச் சப்பினாள்.
வழக்குப் பேசும் முகத்தோடு சொன்னாள்:
'அப்பாயி குழம்பு மாதிரி இல்ல.'

இல்லைதான்.
கருவாட்டுக் குழம்பு வைத்த அன்றைக்கு
வெறும் குழம்பு,
மறுநாள்தான் அது குழம்பு என்று
வைத்த அன்றைக்கே
ஒரு சட்டி தின்றுவிட்டுச் சொல்லுவார்.

மீதியைத் தட்டு போட்டு மூடினேன்.
'நாளைக்கு இருக்கும்' என்றேன்.