காரணம்: ஒன்றைத் தேர்வு செய்க

மாதத்தின் மூன்றாம் தேதி.
சஜா தொழிற்பேட்டை, ஆறாம் கவுண்ட்டர்.
கண்ணாடி ஓட்டை வழியே
முதலில் வருவது சிமெண்ட் வாசம்,
பிறகு அடையாள அட்டை,
பிறகு பணம்.
வேர்வையில் ஊறிய நோட்டுகளை
எண்ணும் இயந்திரம் துப்பிவிடும்.
கையால் எண்ணுவேன்.

அனுப்பும் காரணம் என்று ஒரு கட்டம்.
அதை நிரப்பாமல் திரை நகராது.
தட்டினால் நான்கு சொற்கள் இறங்கும்:
குடும்பச் செலவு, படிப்பு, மருத்துவம், சேமிப்பு.
சேமிப்பை நான் தொட்டு ஏழு மாதம்.

ஜித் பகதூர் கர்த்தி, ரோல்பா மாவட்டம்.
இங்கே வர வாங்கிய கடனுக்கு
இங்கே வந்து வட்டி கட்டுகிறான்.
குடும்பச் செலவு.

ஷஃபிகுல், சிராஜ்கஞ்ச்.
ஆறு கரையைத் தின்றபோது பள்ளிக்கூடமும் போயிற்று.
மகளுக்கு டவுனில் அறை எடுத்திருக்கிறான்.
வாடகையைப் படிப்பில் போடலாமா என்று தயங்கினான்.
போட்டேன்.

வஞ்சிரு, குடோன் காவல், இரவு ஷிப்ட்.
தங்கைக்கு வலி எடுத்த அன்று
ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
ஐம்பது லிட்டருக்கு அனுப்பினாள்.
டீசல் என்று பட்டியலில் இல்லை.
பிள்ளை பிறந்துவிட்டதாம்; போட்டோ காட்டினாள்.

நேற்று ரூபாய் விழுந்தது.
செய்தி எனக்கு வருமுன்
வரிசை வந்துவிட்டது, கரக் டீக்கடை வரை.
போன மாதத்தைவிடக் கூட வரும் என்று
ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.
கூட வருவதை
எண்ணெயிலும் பருப்பிலும் ஊரே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதை
அந்தச் சின்ன ஓட்டை வழியே எப்படிச் சொல்ல?
டோக்கன் கொடுத்தேன்.

அடைக்கலம் வந்தார். அறந்தாங்கிப் பக்கம்,
பதினோரு வருடமாய் நடைபாதைக் கல் பதிப்பவர்.
"என்ன காரணம்ண்ணே போட?"
"கவர்மெண்ட்டுக்கு அனுப்புறேன்னு போடும்மா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
"பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார் இல்ல, நான் ஃபீஸ் கட்டுறேன்.
டாக்டரு மத்தியானத்தோட கெளம்பிடுறாரு, நான் பில்லு கட்டுறேன்.
கொழா போட்டு மூணு வருசம், காத்துதான் வருது,
தண்ணி வண்டிக்கும் நான்தான்.
இப்ப தெருமுனைப் பாலம் உக்காந்துருச்சு, ஆம்புலன்ஸ் உள்ள வரல.
மனுப் போட்டு மனுப் போட்டு
எட்டு வீடு சேந்து கட்டிக்கிறதுன்னு முடிவாச்சு.
எட்டுல ஆறு பேரு இந்த வரிசையிலதான் நிக்கிறோம், பாரு."

பார்த்தேன்.
ஆறு பேரும் கையை உயர்த்தினார்கள்,
வருகைப் பதிவுக்குப் போல.

"கட்ட ஆளு?"
"ஒடிசாப் பசங்க. நம்ம ஆளுக ஊர்ல ஏது?"

அந்த ஒடிசாப் பையனின் ஊரில்
உடைந்த பாலத்தை யார் பார்க்கிறார்கள் என்று
கேட்க நினைத்தேன்.
பின்னால் இருமல் சத்தம். வரிசை நீளம்.

ஆளுக்கு எழுநூறு திர்ஹம்.
ஒரு பாலத்தை ஆறு துண்டாக்கி
குடும்பச் செலவில் அனுப்பினேன்.
அடைக்கலம் ரசீதை மடிக்குமுன் ஒருமுறை வாசித்தார்.
"குடும்பம் பெருசாயிருச்சு" என்று மட்டும் சொன்னார்.

சுவரில் எங்கள் கம்பெனி போஸ்டர்:
புது வீட்டின் முன் சிரிக்கும் நால்வர்.
நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் அதே நால்வர்தான்,
மூலையில் கொடி மட்டும் மாறும்.

பதினொரு மணிக்கு ஷட்டர் பாதி இறங்கியது.
என் அட்டையை நானே வாங்கி
என் முகத்தை நானே சரிபார்த்தேன்.
தம்பிக்கு அனுப்ப வேண்டும்.
மெக்கானிக்கல் இன்ஜினியரிங், நான்கு வருடம்,
நான்தான் கட்டினேன்; முதல் வகுப்பு.
இரண்டு வருடமாக வேலை தேடிக் களைத்து
இப்போது விசா ஏஜெண்டுக்கு முன்பணம் கேட்கிறான்.
இங்கேதான் வருகிறானாம். ஸ்டோர் ஹெல்ப்பர்.

பட்டியல் இறங்கியது.
விரல் கொஞ்ச நேரம் மேலும் கீழும் போயிற்று.
படிப்பு என்று போட்டேன்.

திரை நகர்ந்தது.
கட்டணம் இருபத்திரண்டு திர்ஹம்.
ஊழியருக்குத் தள்ளுபடி கிடையாது.