கடிவாளம்

நூலக வண்டி செவ்வாய்தோறும்
எங்கள் பால்டப்பா மேடையருகே இருபது நிமிடம் நிற்கும்.
போன தடவை ராய்லி இதைக் கையில் திணித்தாள்:
"அழுதுவிடுவாய் தொய்னி, நானே அழுதேன்."
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அட்டையில் வைக்கோற்போர், அதன்மேல் செக்கச்செவேல் சூரியன்.
கைனுவில் அப்படியொரு சூரியனை
அறுபது வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

முதல் அத்தியாயத்திலேயே பஞ்சம்.
பைன் பட்டையை மாவாக்கி ரொட்டி சுடுகிறாள் தாய்,
சுட்டபடியே பாடுகிறாள்.
பட்டை தின்ற வயிறு பாடாது, அம்மணி.
இரண்டு நாள் கட்டிக்கொண்டு முக்கும்.

நூறு பக்கம் தாண்டியும் யாரும் பசுவைக் கறக்கவில்லை.
மடி வெடித்திருக்கும்.
சின்னவள் எல்லி பதினேழு பக்கம் சாகிறாள்,
வீடு மொத்தமும் கட்டிலைச் சுற்றி நிற்கிறது.
அப்போது தொழுவத்தில் யார்?
என் கண் ஈரமானது உண்மை.
வெங்காயத்துக்கும்தான் ஆகும்.

இருநூற்று மூன்றாம் பக்கம். ஜனவரி.
வைத்தியரைக் கூட்டிவர அப்பன் குதிரையைப் பூட்டுகிறான்.
சுவரில் தொங்கிய கடிவாள இரும்பை எடுத்து
அப்படியே அதன் வாயில் வைக்கிறான்.
அப்படியே!
மைனஸ் முப்பதில்!
நூலகப் புத்தகம் என்று தெரிந்தேதான்
பென்சிலைத் தேடி ஓரத்தில் எழுதினேன்:
"நாக்குத் தோல் உரிந்து வந்திருக்கும், முட்டாளே.
இரும்பைச் சூடாக்கணும்."

எப்படி என்று எழுத இடம் போதவில்லை.

எங்கள் அப்பா வில்ஹோ
சட்டைக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொள்வார்.
வெறும் தோலில். பல்லைக் கடித்தபடி
நூறு எண்ணுகிற வரைக்கும்.
அப்புறம் விர்க்குவின் தாடையை நிமிர்த்தி
"இந்தா" என்பார், மெதுவாக.
கதவருகே நான் நிற்பேன்,
பள்ளிப் பையும் ஒற்றைக் கையுறையுமாக.
மற்றதைத் தொலைத்ததற்குத் திட்டு வாங்கியாயிற்று.
நானும் கூடவே எண்ணுவேன், வாய்க்குள்.

இந்தப் புத்தகத்து அப்பன்
பிள்ளைகளை அணைத்தபடியே இருக்கிறான்.
சர்ச்சு வாசலில் மட்டும் நான்கு முறை.
இரும்பைத்தான் அணைக்கத் தெரியவில்லை
படுபாவிக்கு.

அந்தப் பக்கத்தைவிட்டு நகர முடியாமல்
மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
மணி நாலே முக்கால். மாடுகள் கத்தத் தொடங்கின.
ஒரு குதிரைமேல் இந்த வயதில்
பொறாமைப்படுகிறவள் உண்டா?

செவ்வாய்க்கிழமை ராய்லி கேட்பாள், அழுதாயா என்று.
ஆமாம் என்பேன்.
எந்த இடத்தில் என்று கேட்டால்
எல்லி செத்த இடம் என்று சொல்லிவிடுவேன்.
பென்சில் எழுத்தை அழிக்கப்போவதில்லை.

இரண்டாம் பாகம் வந்திருக்கிறதாம்.
எடுத்துவைக்கச் சொல்லணும்.