பண்டிகைகளுக்குப் பிறகு

வங்கியில் சொன்னார்கள்.
மின்சார அலுவலகத்தில், பள்ளிக்கூடத்தில்,
என் பல்மருத்துவச் சான்றிதழில்
முத்திரை குத்த வேண்டிய
மூன்றாம் மாடிச் சன்னலில் சொன்னார்கள்:
பண்டிகைகள் முடியட்டும்.

அப்போது எங்களிடம் இருந்த எபிரேயம்
பதினாறு சொற்கள்.
பதினேழாவதாக இதைச் சேர்த்துக்கொண்டோம்.

எந்தப் பண்டிகைகள் என்று கேட்கக் கூச்சம்.
யூதர்கள் என்றுதானே விமானம் ஏற்றினார்கள்.
கார்கிவில் அது
அப்பாவின் பழைய கடவுச்சீட்டில் ஐந்தாவது வரி.
அடுப்பில் யாரும் அதை ஏற்றியதில்லை.

முதலில் வந்தது புத்தாண்டு.
பனியில்லை. செப்டம்பர். முப்பத்து மூன்று டிகிரி.
தேன் வாங்கப் போன லியோவா
தேனீ படம் போட்ட புட்டியோடு வந்தான்.
ஆப்பிளைத் தொட்டு வாயில் வைத்த பிறகுதான்
ஷாம்பூ என்று தெரிந்தது.
ஏப்ரலுக்குப் பின் அன்றுதான்
நாங்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு மதாம் புஸாக்லோ
கதவைத் தட்டாமல் வந்தாள்.
போய்விட்டுத் திரும்பினாள்,
மாதுளையும் தேனும் ஒரு மீன் தலையும் ஏந்தி.
வாலாக அல்ல, தலையாக இருங்கள் இந்த ஆண்டு
என்றாள், கையால் அபிநயித்து.
மீன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.
ஸ்லாவா அதற்கு ஆர்கடி என்று பெயர் வைத்தான்.
அப்புறம் யார் சாப்பிடுவது?

பத்தாம் நாள் வண்டிகள் நின்றன.
கடலோர நெடுஞ்சாலை துடைத்து வைத்ததுபோல் கிடந்தது.
வெறிச்சோடிய சாலையை எனக்குத் தெரியும்.
அதற்கு ஒரு காரணம் இருக்கும்,
அது மேலிருந்து வரும்.
திரைச்சீலையைப் பிடித்தபடி நின்றேன்.
வந்தது, சைக்கிள்கள்.
நூறு, இருநூறு பிள்ளைகள்
ஆறு தடங்களையும் அடைத்துக்கொண்டு.
யாரோ ஸ்லாவாவுக்கு ஒன்றைக் கொடுத்தார்கள்.
நோன்பு பிடிக்கிறேன் என்று சொல்லியிருந்த லியோவா
அவன் பின்னால் இருக்கையைப் பிடித்து ஓடினான்,
மாலை மூன்றுமணி வெயிலில்,
தண்ணீர்கூடக் குடிக்காமல்.

பிறகு பந்தல்.
பால்கனியில் போட்டால் செல்லாதாம்,
மேலே இன்னொரு பால்கனி.
வாகன நிறுத்தத்தில், புஸாக்லோவின் கார் இடத்தில்
நான்கு கம்புகள், இரண்டு போர்வை,
நகராட்சி தந்த பேரீச்ச ஓலை.

லியோவா இருபது ஆண்டு மெட்ரோவில்
சுரங்கக் கூரைகளைப் பார்த்துக்கொண்டவன்.
ஒரு சொட்டு உள்ளே வந்தால்
இரவில் எழுப்பிவிடுவார்கள்.
ஓலையை நெருக்கி நெருக்கி அடுக்கினான்.
கூடாது, என்றாள் மதாம் புஸாக்லோ.
நட்சத்திரம் தெரியணும்.
மழை பெய்தால் ஒழுகுமே?
ஒழுகட்டும்.
தன் எபிரேயத்தில் கோளாறென்று நினைத்து
மூன்று முறை கேட்டான்.
மூன்று முறையும் ஒழுகட்டும்.
ஏணியில் கொஞ்சநேரம் அப்படியே இருந்தான்.
பிறகு ஒவ்வொரு ஓலையாக விலக்கினான்,
பல் பிடுங்கப் பயப்படுகிறவன் வாயைத் திறப்பதுபோல.

இரவு சூப்பின் நடுவில் போன் வந்தது.
சோயா பாவ்லோவ்னா, எங்கள் சாவியை வைத்திருப்பவள்.
காற்றில் தார்ப்பாய் போய்விட்டது,
பார் என்று போனை உயர்த்தினாள்.
ஸ்லாவாவின் கட்டில். அலமாரியில் பொம்மை ரயில்.
கூரை வழியே வானம்,
விதிப்படி, நட்சத்திரம் தெரியும் அளவுக்கு.

பலகை அடிக்கவா? விற்றுவிடவா?
எப்போது வருகிறீர்கள், இன்னா?

லியோவா கரண்டியை வைத்தான்.
என் வாய் தானாகச் சொன்னது:
பண்டிகைகள் முடியட்டும்.

எந்தப் பண்டிகைகள்? என்றாள்.

எனக்கும் சரியாகத் தெரியவில்லை சோயா,
நிறைய இருக்கின்றன,
இன்னும் ஒன்று பாக்கியாம்,
அதில் மழை வேண்டிக் கும்பிடுவார்களாம்