இப்போ நின்னா எங்கே

வாளையாறில் எனக்கு ஒரு எடைமேடை.
இருபத்தொரு வருஷமாக
எந்த லாரிக்காரன் வாயையும் நம்பியதில்லை.
அப்படிப்பட்ட நான் ஜிஷாவிடம்
என் எடையில் ஐந்து கிலோ குறைத்துச் சொன்னேன்.
அவள் கொட்டகைக்குள் போய்
உரமூட்டை நிறுக்கும் தராசை இழுத்துவந்தாள்.
"ஏறுங்க சார்.
பொய் தரையிலேயே தீர்ந்துரட்டும்."

அவளுக்கு இருபத்தெட்டு. சித்தூர்க்காரி.
எனக்கு நாற்பத்தொன்பது. சர்க்கரை இல்லை,
டாக்டர் எழுதிக்கொடுத்த சான்றிதழ் இருக்கிறது.
வேலந்தாவளம் தாண்டி, சோளக்காட்டு நடுவே
அறுநூறு மீட்டர் தார்.
துணிச்சிறகு, இரண்டு இருக்கை,
என் ஸ்கூட்டரைவிடச் சின்னச் சக்கரம்.

முதல் மாதம் முழுக்க ஒரே கேள்வி.
ஏறும்போது, திரும்பும்போது,
மலையைப் பார்த்து நான் வாய்பிளக்கும்போது:
"இப்போ நின்னா எங்கே?"

"அதெல்லாம் நிக்காது" என்றேன் ஒருநாள்.
கையை நீட்டி விசையை இழுத்துவிட்டாள்.
சத்தம் போனது.
தார்ப்பாய் அவிழ்ந்த லாரி மாதிரி
காற்று மட்டும் படபடத்தது.
அந்தப் பச்சை, என்று காட்டினேன்.
மறுக்காமல் விட்டாள்.
முந்நூறு அடியில் பச்சை
தென்னம்பிள்ளைகளாக எழுந்து நின்றது,
குறுக்கே கரண்ட்டுக் கம்பியோடு.

விசையை முன்னால் தள்ளிவிட்டுச் சொன்னாள்:
"கம்பியைத் தேடாதீங்க, தெரியாது.
கம்பத்தைத் தேடுங்க.
ரெண்டு கம்பம் இருந்தா
நடுவில கம்பி இருக்கும்."
இறங்கிய பிறகு, டீ ஆறுவதற்குள், இன்னொன்று:
"வண்டி ஆயிரம் அடியில இருக்கு.
நீங்க இன்னும் கீழேயே நிக்கறீங்க.
பின்னால ஓடிவராதீங்க சார்,
முன்னால போய் நில்லுங்க."

ஆடி பிறந்தது.
இரண்டு மலைக்கு நடுவே கதவு சாத்தாத கணவாய்,
அந்தப் பக்கத்துக் கடல் முழுக்க அதில் தோள் வைத்துத் தள்ளும்.
கஞ்சிக்கோட்டு இரும்பாலைப் புகை
எட்டு மணிக்கு நிமிர்ந்திருக்கும்,
ஒன்பதுக்குக் குப்புற விழும்.
டிராக்டர் பின்னால் புழுதி, கொடியில் வேட்டி,
பனைமட்டை ஒருபக்கம் வாரிய தலை.
எல்லாம் எனக்கு எழுதிய சீட்டுகள்,
இத்தனை நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன்.

வியாதி தரையிலும் தொற்றியது.
லாரி மேடையேறும் முன்பே
பின்டயர் பிதுக்கத்தில் டன் தெரிந்தது.
ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துப்
பேங்க் கடனைப் பார்த்துக் கேட்டேன், இப்போ நின்னா எங்கே.
திங்களன்று வசுமதி சாப்பிடும்போது பேசவில்லை.
வியாழன் மறுபடி பேசவில்லை.
இரண்டு கம்பம்.
கேட்டேன்.
இருந்தது கம்பி.
மூன்று மாதமாக
நான் அதன் மேலேயே பறந்துகொண்டிருந்திருக்கிறேன்.

போன ஞாயிறு.
மேற்குப் பார்த்து இறங்குகிறேன்,
தார் கைக்கெட்டும் தூரம்.
கடைக்கோடியில்
நான்கைந்து கொக்குகள் சும்மா எழுந்தன.
கொக்கு சும்மா எழாது.
முழு விசை கொடுத்து மூக்கைத் தூக்கினேன்.
அடியில் கடந்தது:
கயிறு இழுபட ஓர் எருமை,
அதன் பின்னால் ஒரு செருப்போடு ஒரு பையன்.

ஜிஷாவின் கை மடியில்தான் இருந்தது.
"எதைப் பார்த்தீங்க?"
"கொக்கு."
பாராட்டுவாள் என்று பார்த்தேன்.
பெட்ரோல் அளவைக் குனிந்து பார்த்தாள்.
"இப்போ..." என்றாள்.

அவள் முடிக்கும் முன்பே விரல் நீட்டியிருந்தேன்.
வற்றிய குளம். கம்பமில்லை.
நடுவில் ஒரு கருப்புக் குடை,
கீழே யாரோ.
குடை மேற்கே சாய்ந்திருக்கிறது.
அப்படியென்றால் கிழக்கிலிருந்து,
அவருக்கு இடப்பக்கமாக.