ஒன்பதாம் எண் குடில்

மூன்று முகாம்களின் பெயரை ஐவின்
காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியிருந்தான்.
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு:
வாடகை, தூரம், படுக்கை எத்தனை,
குளியலறை உள்ளேயா வெளியேயா.
மார்ச் மாதம். வாசலில் பனி இன்னும் இடுப்பளவு.
கோடையைப் பற்றிப் பேசுவதே
கடன் கேட்பதுபோலக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

துவாவுக்கு டிராம்போலின் வேண்டும்.
ஐவினுக்கு மீன்.
சிவெர்ட் எதுவும் கேட்கவில்லை. ஏழு வயது.
மேல்கட்டில் எனக்கு வேண்டாம் என்றான்,
ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே.

என் நிபந்தனைக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

போன வருடம் கடலோர முகாம்.
சிவப்புக் குடில்கள், பல்வரிசைபோல நெருக்கமாக.
பக்கத்துக் குடிலில் ஒருவர் தும்மினால்
எங்கள் மேசையில் கரண்டி அதிரும்.
முழுதும் இருட்டாத ஜூன் இரவு, இரண்டு மணிக்கு
சிவெர்ட் அலறினான்.
கண் திறந்திருக்கும், எங்களை அடையாளம் தெரியாது.
எழுப்பக் கூடாது என்றிருக்கிறார் மருத்துவர்.
தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்து
முடியும்வரை முடியும்வரை இருக்க வேண்டும்.
அன்று பன்னிரண்டு நிமிடம்.
ஊரைக் கூட்டுவது என்பார்களே,
நிஜமாகவே கூட்டிவிட்டான்.
கதவைத் தட்டினார் ஒருவர்,
பைஜாமாவுக்கு மேல் மழைக்கோட்டு.
"எல்லாம் சரிதானே?"
கேட்டது என்னை.
பார்த்தது ஐவினின் கைகளை.

மறுநாள் பாத்திரம் கழுவும் இடத்தில்
எல்லோரும் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்,
மிகவும் மரியாதையாக.
சிவெர்ட்டுக்கு இரவு எதுவும் நினைவில்லை.
அடுத்த குடில் பையனை நண்டு பிடிக்கக் கூப்பிட்டான்.
"இன்றைக்கு வேண்டாம்" என்றாள் அந்தப் பையனின் அம்மா.
அது மட்டும் இன்றுவரை நினைவிருக்கிறது.

ஆகவே வேலைக்கு நடுவே, மதிய இடைவேளையில்,
நானே தொலைபேசியை எடுத்தேன்.
முதல் முகாம்காரர் படகு வாடகையைச் சொன்னார்.
நான் சுவரின் தடிமனைக் கேட்டேன்.
சிரித்தார். பிறகு, "பலகைதானே அம்மா" என்றார்.
இரண்டாவதில் குடிலுக்குக் குடில் எட்டு மீட்டர்.
எதற்குக் கேட்கிறீர்கள் என்றாள் பெண்.
கணவரின் குறட்டை என்றேன்.
ஐவின் மன்னிக்க வேண்டும், அவன் பூனைபோலத் தூங்குபவன்.

மூன்றாவது, பனிமலை அடிவாரத்தில்.
குன்வோர் என்று ஒருத்தி, எடுத்த எடுப்பிலேயே
"ஒன்பதாம் எண் மட்டும் கேட்காதீர்கள்" என்றாள்.
"அருவி தலைமாட்டில் விழுகிறது.
ஜூனில் பனி உருகினால்
எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழாது.
போன வருடம் ஒரு ஜோடி நடுராத்திரியில்
மெத்தையைத் தூக்கிக்கொண்டு காருக்குள் போய்ப் படுத்தது.
பாதி வாடகைக்குத் தருகிறேன், அப்போதும் ஆளில்லை."

"ஆறு இரவு" என்றேன்.
"நான் சொன்னது கேட்டதா?"
"கேட்டது."

துவா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.
ஐவின் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
ஓரத்தில் கையாலேயே கோணலாக ஒரு கட்டம் வரைந்து
'சத்தம்' என்று எழுதி
டிக் போட்டான்.

படுக்கை விரிப்பு, பழுப்புச் சீஸ், ரப்பர் படகு.
குளியலுக்குப் பத்துக் குரோனா நாணயங்கள் ஒரு ஜாடியில்.
மூன்றாம் இரவு அலறினான்.
ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கே
பாதிதான் கேட்டது.
துவா புரண்டுகூடப் படுக்கவில்லை.
நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
ஐவின் எழுந்து போய்
கதவருகில் நிற்கவில்லை.

காலையில் எட்டாம் எண்காரி
காபிக் கோப்பையோடு வந்து ஏதோ கேட்டாள்.
"என்ன?" என்றேன்.
"தூக்கம்! தூக்கம்!" என்று கத்தி,
கன்னத்தில் கை வைத்துக் காட்டினாள்.
நான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன்.
அவள் பையனும் சிவெர்ட்டும் அதற்குள்
கரையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்,
ஓயாமல் பேசியபடி,
ஒருவன் சொல்வது மற்றவனுக்குக் கேட்காமல்.